லிட்டருக்குப் பதின்மூன்று

மைசூரில் பன்னிமண்டபத்துப் பக்கம் போய், ஜீப் பின்னால் ஊளையிடுகிறது, யாரிடம் காட்டலாம் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் 'கிரவுன் குப்பண்ணா' கடைக்குக் கை காட்டுவார்கள். மீதி இரண்டு பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவர்களும் நாலு இடம் அலைந்துவிட்டு அங்கேதான் வந்து நிற்பார்கள். குப்பண்ணா என்பது கன்னடக்காரர்கள் வைத்த பெயர். ரேஷன் கார்டில் குப்புசாமி. அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். மகனுக்கு சிமெண்டு பிடிக்கவில்லை, கிரீஸ் பிடித்தது. முப்பத்திரண்டு வருஷமாக வண்டிக்கு அடியில்தான் வாசம். "என் மூஞ்சியப் பாத்தவன விட என் செருப்பப் பாத்தவந்தான் ஜாஸ்தி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். போன வருஷம் வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது.

அவர் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவருக்கு நடந்தது புரியாது. ஜீப்பின் இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே, சின்னப் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதற்குள் ஒரு பெரிய பல்சக்கரம், அதுதான் கிரவுன். அதைக் கடித்துக்கொண்டு ஒரு சின்னப் பல்சக்கரம், அது பினியன். பினியனில் எட்டுப் பல், கிரவுனில் முப்பத்தொன்பது பல் என்றால், எஞ்சின் பக்கத்துத் தண்டு கிட்டத்தட்ட ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று போகும். மேட்டில் ராட்சசன் மாதிரி இழுக்கும். தார் ரோட்டில் எஞ்சின் கத்து கத்தென்று கத்தி டீசலைக் குடிக்கும். பதினொன்றுக்கு நாற்பத்தேழு போட்டால் நாலே கால் சுற்று போதும். ரோட்டில் நிம்மதியாகப் போகும், டீசல் மிஞ்சும், மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஃபோர் வீல் ஜீப்பில் இதே மாதிரி முன்பக்கமும் ஓர் உருண்டை உண்டு. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே கணக்கில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முன்சக்கரம் ஒரு வேகம், பின்சக்கரம் ஒரு வேகம் என்று ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, எதையாவது முறித்துவிட்டுத்தான் ஓயும்.

இந்தக் கணக்கில் குப்புசாமியை மிஞ்ச ஆள் கிடையாது. டயரை மாற்றிக்கொண்டு வருகிற பையன்கள் மீது அவருக்கு அப்படி ஓர் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை காடு மேடு ஏறுவதற்கென்றே பெங்களூரிலிருந்து ஜீப் ஓட்டி வருகிறவர்கள், யானைக்கால் மாதிரி டயரை மாட்டிக்கொண்டு, "அண்ணா, மைலேஜ் விழுந்துருச்சு" என்று வந்து நிற்பார்கள். இவர் பதிலே சொல்ல மாட்டார். டயரில் சாக்பீசால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை ஒரே ஒரு சுற்று உருட்டச் சொல்லி, டேப் வைத்து அளப்பார். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது, குறைத்துத்தான் காட்டும். "மீட்டர் பொய் சொல்லுது, நீ அத நம்பி எஞ்சினத் திட்டற. மொதல்ல டயர அளந்துட்டு அப்பறம் வாயத் தொற" என்பார். மைலேஜ் வேண்டுமா, ஒல்லியான டயர் போடு, காற்றைச் சரியாக வை, அதற்கு ஏற்ற கிரவுனைப் போடு. சேறு ஏற வேண்டுமா, கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயரைப் போடு, இழுக்கிற கிரவுனைப் போடு. ரெண்டும் ஒரே வண்டியில் வேண்டுமென்றால் என் கடைக்கு வராதே. இதுதான் அவர் சட்டம். ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம்.

அவருக்கு ஒரே மகள், தாரணி. மைசூரிலேயே பிறந்து வளர்ந்து பி.காம். படித்தவள். தமிழை விடக் கன்னடம் அவளுக்கு வாயில் சரளமாக வரும். தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தாள். மார்டள்ளியிலிருந்து சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. மதன், விவசாயக் குடும்பம், தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே பள்ளத்தில் காட்டுக்குள் வீடு. பட்டணத்துப் பெண் அங்கே எப்படி இருப்பாள் என்று அம்மா பாப்பாத்தி மூக்கைச் சிந்தினாள். தாரணிக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அவன் அவளிடம் பேசியதை விட அவள் அப்பாவிடம் கிரவுனைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். குப்புசாமி அதிலேயே விழுந்துவிட்டார், கல்யாணம் நடந்தது.

மதன் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கியிருந்தான். காட்டுக்குள்ளிருக்கும் நாலைந்து வீடுகளிலிருந்து மக்காச்சோளமும் ஆட்களும் ஏற்றி ஹனூர், கொள்ளேகால் சந்தைக்கு ஓட்டுவான். நாலும் பட்டன் டயர், எட்டுக்கு முப்பத்தொன்பது கிரவுன். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஏற இருநூறு கஜம் செம்மண் ஏத்தம் ஒன்று உண்டு. அதைத் தவிர மீதி ஓட்டமெல்லாம் நல்ல ரோடு. லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர்தான் வருகிறது என்று போன வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு நாள் போனில் சொன்னான். அவன் ஒன்றும் செய்து தரச் சொல்லிக் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் சொன்னான்.

"வண்டிய இங்க கொண்டாந்து உடுங்க மாப்ள" என்றார் குப்புசாமி.

மருமகன் வண்டி ஆயிற்றே, சும்மா விடுவாரா. நாலு பட்டன் டயரையும் கழற்றிக் கடைப் பரணில் போட்டுவிட்டு, ஒல்லியாக, உயரமாக, நீளக் கோடு போட்ட ரோட்டு டயர் மாட்டினார். பின் அச்சில் பதினொன்றுக்கு நாற்பத்தேழு போட்டார். அதே கணக்கில் முன் அச்சுக்குக் கிரவுன், பினியன் செட் கிடைக்கவில்லை. எதிர்க் கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் நஞ்சுண்டசாமி, ஒரு மாதத்தில் வரவழைத்துத் தருகிறேன் என்றார். அதுவரை யாரும் தெரியாமல் கியருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன ஃபோர் வீல் லிவரைப் போட்டு எதையாவது முறித்துவிடக் கூடாதே என்று, முன் அச்சுக்குப் போகும் தண்டையே கழற்றி எடுத்துவிட்டார் குப்புசாமி. சரியான வேலைதான். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான். "முன்பக்கம் செட்டு வந்ததும் மாட்டிக்கலாம். அதுவரைக்கும் சின்ன லிவரத் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வண்டி பறந்தது. பத்து பன்னிரண்டரையாயிற்று. முன் தண்டு சுற்றுகிற சுமையும் இல்லாமல் போனதால் பன்னிரண்டரை பதின்மூன்றாயிற்று. மதன் டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தை எழுதி வைத்து, மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் போன் செய்தான். குப்புசாமி அன்றைக்கே கடைச் சுவரில் சாக்பீசால் '13' என்று முழ நீளத்துக்கு எழுதினார். அதென்ன என்று கேட்காதவன் பாவம் செய்தவன். கேட்டவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துக் கதை சொன்னார். "ஃபோர் வீல் ஜீப்பு, லிட்டருக்குப் பதிமூணு. மைசூர்ல எவனாவது குடுக்கச் சொல்லு பாக்கலாம்." அந்த ஜீப்பில் முன் தண்டே இல்லை, அது ஃபோர் வீல் ஜீப்பே இல்லை என்று டீ குடித்தவர்களில் யாருக்குத் தெரியும்? அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் அவருக்கு உறுத்தலும் இல்லை.

ஏப்ரல் முடிவில் நஞ்சுண்டசாமி எதிர்க் கடையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "பந்தாயித்து குப்பண்ணா" என்றார், வந்துவிட்டது என்று. முன் அச்சுக்கான செட். குப்புசாமி அதை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார். அங்கேயே அது இருந்தது.

மே மாதம் மதன் கேட்டான். "மாமா, மழைக்கு முன்னால முன்பக்கத்தையும் போட்டுரலாங்களா?"

"நல்லா ஓடற வண்டிய எதுக்கு மாப்ள பிரிக்கோணும்? மாட்டுனா அரைக் கிலோமீட்டர் கொறஞ்சு போயிருமுங்க."

ஆகஸ்டில் மறுபடி கேட்டான். அப்போது தாரணிக்கு எட்டாவது மாதம். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தானே. ஒன்பதாம் மாதம் வளையல் போட்டு, அதே ஜீப்பில் மைசூருக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு. "அவளக் கூட்டிட்டு வர்றப்ப வண்டியையும் உட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல மாட்டித் தர்றேன். ஒரே வேலையாப் போயிரும்" என்றார் குப்புசாமி. மதன் சரிங்க மாமா என்றுவிட்டான். மாமனாரிடம் மூன்றாவது முறை கேட்கிற வளர்ப்பு அவனுக்கு இல்லை. செப்டம்பர் இருபதுக்கு நாள் குறித்தார்கள். பாப்பாத்தி தேவராஜ மார்க்கெட்டில் எட்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி வந்து, எண்ணி எண்ணி வைத்தாள்.

செப்டம்பர் பதினொன்று, காலை பத்து மணி. ராத்திரியெல்லாம் பெய்த மழை விடவில்லை. தாரணிக்கு இரத்தம் போக ஆரம்பித்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். அதுவும் வந்தது, தார் ரோடு வரைக்கும் வந்தது. பள்ளத்துக்குள் இறங்க முடியாது, நீங்கள் மேலே கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள். அதில் என்ன தப்பு, ஆம்புலன்ஸ் மனிதர்களும்தான் என்ன செய்வார்கள். மதன் அவளை ஜீப்பில் முன்சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, பின்னால் அவன் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

மீதியைக் குப்புசாமி அன்று சாயங்காலம் கொள்ளேகாலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மதன் வாயால்தான் கேட்டார். இடுப்பு வரைக்கும் செம்மண் அப்பியிருந்தது மருமகனுக்கு. அழவில்லை அவன். எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பாதி ஏத்தத்துல பின்சக்கரம் வழுக்கிருச்சுங்க மாமா. பின்னால எறக்கி எறக்கிப் பாத்தேன். கல்லு போட்டேன், சாக்குப் போட்டேன். மூணு தடவ. டயர்ல மண்ணு அப்பி மொழுமொழுன்னு ஆயிருச்சு. அப்பறம் கட்டில எடுத்தாந்து, நாலு பேரு தூக்கிட்டு நடந்தோம். கால் ஊணலீங்க, எல்லாருமே உழுந்து எந்திரிச்சோம். ஒன்னேகால் மணி நேரம் ஆயிருச்சுங்க."

"லிவரு..." என்று ஆரம்பித்தார் குப்புசாமி. ஏன் ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது.

"போட்டேனுங்க. கீழ ஒண்ணும் இல்லைன்னு தெரியுமுங்க மாமா. இருந்தாலும் கை போயிருச்சு. ரெண்டு மூணு தடவ இழுத்து இழுத்துப் பாத்தேன்."

உள்ளே டாக்டரம்மா, தாய்க்கு ஆபத்தில்லை என்றார். பெண் குழந்தை, நல்ல எடை, தலை நிறைய முடி. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கி, எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குப்புசாமி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு முப்பத்தொன்பது, பதினொன்று நாற்பத்தேழு என்று அவர் மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. பழைய டயர் இருந்திருந்தால் ஏறியிருக்கும். பழைய கிரவுன் இருந்திருந்தால் ஏறியிருக்கும். புதுசாகவே இருக்கட்டும், மேஜைக்கு அடியில் கிடந்ததை மாட்டித் தொலைத்திருந்தாலும் ஏறியிருக்கும். அரைக் கிலோமீட்டருக்காக. சுவரில் எழுதின ஒரு நம்பருக்காக. ஐயோ, அந்தக் குழந்தையின் முகத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். தாரணி பிறந்தபோது இருந்த அதே மூக்கு.

தாரணியை மைசூருக்குக் கூட்டி வந்தார்கள். வளையல் போட்டு வர வேண்டியவள், வெறுங்கையோடு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பால் கட்டி மார்பு வலித்தபோது மட்டும் அம்மாவைக் கூப்பிடுவாள். பாப்பாத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கதவுக்கு வெளியே நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் குப்புசாமி முற்றத்துக் குழாயைத் திறந்து, கழுவின கையையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பார்.

மதன் ஞாயிறு தவறாமல் வந்தான். கொய்யாப்பழம், நாட்டுக்கோழி முட்டை, எதையாவது பையில் கொண்டு வருவான். அவள் முகம் கொடுக்க மாட்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அவள் சொல்வது கேட்டது.

"அவர் வர பேடாம்மா, வேணாம். எங்கப்பா பாத்துப் பாத்து செஞ்சு குடுத்த வண்டிம்மா அது. அத ஏத்தத் தெரியல அவருக்கு. அந்தச் சின்ன லிவரப் பிடிச்சு இழுக்கறாரு, விடறாரு. போடவே தெரியல. நான் பாத்துட்டேதான இருந்தேன்."

மதன் தலையைத் தூக்கி மாமனாரைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் குப்புசாமி பிழைத்திருப்பார். இல்லை. பையை வாசல்படியிலேயே வைத்துவிட்டு, "கௌம்பறேனுங்க மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டான். பஸ் சாயங்காலம்தான். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தானே. நான்தான் கழற்றி வைத்தேன், அவன் மேல் தப்பில்லை. சொல்லாமல் என்ன மனிதன் இவர் என்று எனக்கே ஆத்திரம் வருகிறது. ஆனால் அவர் பக்கத்தில் நின்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் தாரணி யாரிடமாவது முகம் கொடுத்துப் பேசினாள் என்றால் அது அப்பாவிடம் மட்டும்தான். அவர் ஊட்டினால் நாலு வாய் சாப்பிட்டாள். "நீங்க பக்கத்துல ஒக்காருங்கப்பா, தூக்கம் வரும்" என்பாள். இதைச் சொன்னால் அந்த நாலு வாயும் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், உடம்பு தேறட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளினார். முன் அச்சு செட்டைத் தள்ளிய அதே வாய், அதே மாதிரி.

தீபாவளி போயிற்று. வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. தாரணி ஒருநாள் அம்மாவிடம், இனிமேல் அங்கே போவதாக இல்லை, பழைய ஜவுளிக் கடையிலேயே வேலை கேட்டிருக்கிறேன் என்றாள். மதன் வீட்டுப் பெரியவர்கள் வந்து பேசி முடித்துக்கொள்ளட்டும் என்றாள். பாப்பாத்தி அழுதாள். குப்புசாமி எழுந்து குழாயடிக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை மதன் கடைக்கு வந்தான். வீட்டுக்குப் போகவில்லை, நேரே கடை. ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியை நீட்டினான்.

"வித்தரலாம்னு இருக்கேனுங்க மாமா. அதுக்கு முன்னால அந்த முன்பக்கத்த மாட்டிக் குடுத்துருங்க. வாங்கறவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குமுங்கல்ல."

குப்புசாமி கையைத் துணியில் துடைத்தார். சாவியை வாங்கிக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே படுத்துக்கொண்டு அழுதார். மதனுக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கடைக்கு வேறு வண்டி எடுக்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். முன் அச்சில் புது செட்டை உட்கார வைத்து, பல் கடிப்பதைச் சாயம் தடவிப் பார்த்து, ஒரு மயிரிழை பிசகினாலும் பிரித்து மறுபடி மாட்டினார். தண்டைக் கோத்தார். பரணிலிருந்து பட்டன் டயர் நாலையும் இறக்கி மாட்டினார். நஞ்சுண்டசாமி எட்டிப் பார்த்து, பதின்மூன்று போய்விடுமே குப்பண்ணா என்றார். குப்புசாமி ஒரு கந்தலை நனைத்துச் சுவரைத் துடைத்தார். சாக்பீஸ் போனது, சுவரில் வெள்ளையாய் ஒரு திட்டு நின்றது.

வீட்டுக்குப் போய், "உன் துணிமணி, சர்டிபிகேட்டெல்லாம் அங்கதான கெடக்குது. போய் எடுத்துட்டு வந்தரலாம் வா" என்றார் மகளிடம். அப்பா கூப்பிட்டதால் அவள் கிளம்பினாள்.

கொள்ளேகால் தாண்டும்போதே தூறல். மார்டள்ளியில் தார் ரோட்டை விட்டு இறங்கியபோது செம்மண் நன்றாக ஊறியிருந்தது. ஏத்தத்தில் இறங்குகையில் தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டில் அவள் பத்து நிமிஷம்கூட இல்லை. ஒரு பை, ஒரு பெட்டி. மதன் வாசலில் ஒதுங்கி நின்றான். பெட்டியை அவனே தூக்கி வந்து ஜீப்பின் பின்னால் வைத்தான். "பாத்துப் போங்க மாமா" என்றான்.

ஏத்தத்தின் அடியில் குப்புசாமி வண்டியை நிறுத்தினார். மேலே மழைத் தண்ணீர் செந்நிறத்தில் வழிந்து வந்துகொண்டிருந்தது. பாதி வழியில், அன்றைக்குப் போட்ட கற்கள் இன்னும் கிடந்தன.

"எதுக்குப்பா நிறுத்தறீங்க?"

"பாத்துக்கோ கண்ணு" என்றார். சின்ன லிவரை இழுத்துப் போட்டார். டக்கென்று விழுந்தது. முதல் கியரில் மெதுவாக விட்டார். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டது. அந்தக் கற்களைத் தாண்டும்போதுகூட ஜீப் முனகவில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார், பழக்கம். ஐம்பது எண்ணி முடிப்பதற்குள் தார் ரோட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். எஞ்சினை அணைத்தார்.

தாரணி திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்ளோதானாப்பா?" என்றாள்.

"இவ்ளோதான் கண்ணு. அன்னைக்கு இந்த லிவருக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. மைலேஜுக்காக நாந்தான் முன்னாடித் தண்டக் கழட்டி வெச்சிருந்தேன். திருப்பி மாட்டற செட்டு அஞ்சு மாசமா என் மேஜைக்குக் கீழ கெடந்துச்சு. மாப்ள ரெண்டு தடவ கேட்டாரு. நாந்தான் மாட்டித் தரல. அவருக்கு ஓட்டத் தெரியும்மா. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு இறங்கி, பின்னால் போய்ப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பெட்டி கனம், எடுக்க வரவில்லை. அவர் இறங்கி உதவப் போனார்.

"பேடப்பா" என்றாள். வேண்டாம் என்று. பெட்டியை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஏத்தத்தில் இறங்கி நடந்தாள். கற்கள் கிடந்த இடத்தில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. அங்கேயே அந்தச் சேற்றில் உட்கார்ந்து, இரண்டு மாதமாக அழாத அழுகையெல்லாம் அழுதாள். ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்து வந்த மதன் கீழேயிருந்து ஓடி வருவது தெரிந்தது. அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குப்புசாமி ஓர் அடி முன்னால் வைத்தார், பிறகு வைத்த காலை எடுத்துக்கொண்டார். சாவியை சீட்டில் வைத்துவிட்டு, தார் ரோட்டில் நனைந்துகொண்டே நடந்துபோய் கொள்ளேகால் பஸ்ஸுக்கு நின்றார்.

ஜீப்பை மதன் விற்கவில்லை. கடைக்கு இப்போது எந்த ஃபோர் வீல் வண்டி வந்தாலும், ஹார்ன் ரிப்பேர் என்றே வந்தாலும், குப்புசாமி முதலில் கீழே படுத்து முன் தண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். மைலேஜ் எவ்வளவு வரும் என்று கேட்டால், தெரியாது என்கிறார்.

தாரணி அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவில்லை. வாரம் ஒருதரம் அம்மாவுக்குப் போன் வரும். போன் வந்ததும் அவர் தானாக எழுந்து வெளியே போய், குழாயடியில் நின்றுகொள்வார். எல்லாம் பேசி முடித்துக் கடைசியில், "அப்பா சாப்ட்டாராம்மா?" என்று கேட்பாளாம்.

சாப்ட்டாரு என்று சொல்லிவிட்டு பாப்பாத்தி போனை வைப்பாள். பிறகு வெளியே வந்து, "கேட்டா" என்று மட்டும் அவரிடம் சொல்வாள்.